கறுவாப்புகை முப்பது விநாடி

ஆனி, ஆடி மாதங்களில் நோட்டன் பிரிட்ஜில் அடுக்களை உப்பும் கசிந்துவிடும். தென்மேல் பருவக்காற்று இந்த மேற்குச் சரிவில் முட்டிக்கொண்டு நாள் கணக்கில் கொட்டும். விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் வான்கதவைத் திறந்தாயிற்று என்று பேசிக்கொண்டே ஆட்கள் ரோட்டில் போவார்கள். அணைக்குக் கீழே கெஹெல்கமு ஓயா இரையும். புகையேற்றிய கொக்டெயில் என்று ஒன்று இருக்குமானால் அதைக் குடிக்க வேண்டிய பொழுது இதுதான்.

பெரிய ஹோட்டல்களில் கண்ணாடிக் கூண்டைத் தூக்கியதும் மேசையெல்லாம் புகை பரவும். ஆளாளுக்குப் படம் பிடிப்பார்கள். எனக்கு அந்தக் கூத்தில் நம்பிக்கை கிடையாது. கண்ணை மறைக்கிற அளவு திரண்ட வெள்ளைப் புகை நாக்கில் கசப்பைத்தான் விட்டுப்போகும்.

புகை விஷயத்தில் எனக்குக் குரு, டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா. தேயிலைக்காரர்களுக்குப் புகை ஒரு குற்றம். ட்ரையருக்கு அடுப்பிலிருந்து சூடு மட்டுமே போக வேண்டும். குழாயில் ஒரு வெடிப்பு விழுந்து புகை உள்ளே கசிந்தால், ருசி பார்க்கிறவர் ஒரே உறிஞ்சலில் 'புகை அடித்த தேயிலை' என்று ஒதுக்கிவிடுவார். சீனாவின் வூயி மலையிலோ லாப்சாங் சூச்சோங் என்ற தேயிலையை வேண்டுமென்றே பைன் விறகுப் புகையில் வாட்டி எடுக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் பார்லி முளையைப் பீட் புகையில் உலர்த்துகிறார்கள். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் காலகாலமாக மட்கி இறுகிய படிவுதான் பீட். லஃப்ரோய்க், ஆர்ட்பெக் விஸ்கிகளின் மருந்து வாசம் அதிலிருந்து வருவது. ஒரு மலையில் குற்றம், இன்னொரு மலையில் குலப்பெருமை.

நமக்கும் ஸ்கொட்லாந்துக்கும் தொடர்பில்லாமல் இல்லை. இதே கெஹெல்கமு ஓயா கீழே கினிகத்தேனைப் பக்கம் 98 மீற்றர் குதிக்கிற இடத்துக்கு அபர்தீன் என்று பெயர். அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்களோடுதான் விஸ்கியும் மலையேறியிருக்கும்.

அடிப்படைச் செய்முறை பழையது. மது, சீனி, தண்ணீர், பிட்டர்ஸ், இந்த நான்கும் சேர்ந்ததே கொக்டெயில் என்று 1806இலேயே நியூயோர்க் மாநிலப் பத்திரிகை ஒன்று விளக்கம் எழுதிவிட்டது. இன்றைய ஓல்ட் ஃபேஷன்ட் அதன் நேர் வாரிசு. நான் அதில் இரண்டை மாற்றிக்கொள்வேன். விஸ்கிக்குப் பதில் முதிர்ந்த தென்னஞ்சாராயம். தென்னம்பாளைக் கள்ளை வடித்து, ஹல்மில்ல மரப்பீப்பாயில் கிடத்திவைத்த சரக்கு. சீனிக்குப் பதில் கித்துள் பாணி. பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சுவதால் நல்ல பாணியில் ஏற்கெனவே ஒரு மெல்லிய புகை குடியிருக்கும். கிளாஸில் ஏற்றும் புகை அந்தப் புகைக்குத் துணை போனால் போதும்.

அளவு: சாராயம் 60 மில்லி லீற்றர், பாணி ஒரு தேக்கரண்டி, அங்கொஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. ஐஸ் போட்டு நிதானமாகக் கலக்குங்கள். சாராயம் பெரும்பாலும் விஸ்கியைவிட வீரியம் குறைந்தது, அதனால் ஐஸ் அதிகம் கரைய விடக்கூடாது. இருபது சுற்றோடு நிறுத்திவிடலாம்.

இனிப் புகை. கறுவாப்பட்டையில் இரண்டு அங்குலத் துண்டு. இலங்கைக் கறுவா தாள் தாளாகச் சுருண்டிருப்பதால் நெருப்பைச் சட்டென்று பிடிக்கும். பலகையில் வைத்துக் கொளுத்தி, நுனி சிவந்ததும் சுவாலையை ஊதி அணைத்துவிடுங்கள். கனன்றால்தான் வாசம், எரிந்தால் கரி. மரத்தை மரமாக நிறுத்திவைக்கிற லிக்னின் கனலில் உடையும்போது குவாயகோல், சிரிங்கோல் என்ற பொருள்கள் பிறக்கின்றன. புகையின் ருசி பெரும்பாலும் முன்னதிலிருந்து, மணம் பின்னதிலிருந்து. ஐஸ் தண்ணீரில் அலசிய கிளாஸைக் கனலுக்கு மேல் கவிழுங்கள். குளிர்ந்த ஈரக் கண்ணாடியில் புகை நன்றாகப் படியும். முப்பது விநாடி, அதற்கு மேல் வேண்டாம். நிமிர்த்தி, பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு, கலக்கி வைத்ததை வடித்து ஊற்றுங்கள். தோடம்பழத் தோலை மேலே ஒரு பிழி. போத்தலை நெருப்புக்கு எட்டாத தூரத்தில் வைக்கவும், ஜன்னலைத் திறந்து வைக்கவும் மறக்க வேண்டாம்.

முதல் தடவை கறுவா கைவசம் இல்லாமல் முற்றத்தில் கிடந்த டர்பன்டைன் குச்சியைக் கொளுத்தினேன். யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். குடித்தால் தடிமனுக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி இருந்தது. மாமாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டா மருமகனே, ட்ரையர் கொழாய் எங்கயோ வெடிச்சிருச்சு போலருக்கே!"

கறுவாவுக்கு மாறிய பிறகு அவர் குடித்த விதம் வேறு. முதலில் மூக்கு. பிறகு, தேயிலை பார்க்கிறவர்கள் உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தத்தோடு ஒரு வாய். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே, "வந்துட்டுப் போயிருச்சு" என்றார். என் கணக்கில் இந்தக் கலையின் உச்சம் அதுதான். மூக்கில் கறுவாவும் கனலும், நாக்கில் தென்னையும் கித்துளும், தொண்டையில் இறங்குகையில் புகை இல்லை. கூண்டும் புகையூதுகிற துப்பாக்கி மாதிரிக் கருவியும் வைத்திருப்பவர்கள் இந்த அடக்கத்தை ஏன் தொடுவதில்லை என்று எனக்குப் புரிவதேயில்லை.

சம்பள நாளில் சாராயம் லயத்து வீடுகளை என்ன பாடுபடுத்துகிறது என்று தெரியாமல் இதை எழுதவில்லை. அந்தக் குடிக்கு ருசி பார்க்க நேரம் கிடையாது. இது ஒரு கிளாஸோடு முடிகிற பானம். அதற்கு வேறு காரணமும் உண்டு: முதல் கிளாஸ் தீர்வதற்குள் மூக்கு புகைக்குப் பழகிவிடும். இரண்டாவதில் கறுவா வாசம் தெரியாது.