விலங்கின் விலையும் வித்தைக்காரனின் பெயரும்

2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. விலங்கு கழற்றும் வித்தையால் உலகப் புகழ் பெற்ற ஹரி ஹூடினி பயன்படுத்திய கைவிலங்குகள், பூட்டுகள், விளம்பரத் தாள்கள் முதலியன அங்கு விற்பனைக்கு வந்தன. அவற்றுள் தலையாயது 'நீர்ச் சித்திரவதைக் கூண்டு'. 1912இல் பெர்லின் நகரில் மேடையேறிய இக்கூண்டினுள் கால்கள் தளையிடப்பட்டுத் தலைகீழாக இறக்கப்படும் ஹூடினி, மூச்சு முட்டுமுன் வெளிவந்து நிற்பார். 1995இல் நயாகராவில் ஒரு காட்சிச்சாலையில் மூண்ட தீயினாற் சேதமுற்றுப் பின்னர் திருத்தியமைக்கப்பட்ட அக்கூண்டை, டேவிட் கொப்பர்ஃபீல்ட் என்னும் இக்கால மாயவித்தைக்காரர் 300,000 டொலர் கொடுத்து வாங்கினார்.

செல்வர் ஒருவர் தமக்கு விருப்பமான பொருளை வாங்கியதில் நமக்கென்ன எனச் சிலர் வினவலாம். ஒரு சமுதாயம் தன் கலைஞரில் யாருடைய கைப்பொருளைப் பேணுகிறது, யாருடைய பெயரையும் பேணாது விடுகிறது என்பது கலை விமரிசனத்துக்குப் புறம்பான வினாவன்று. இலக்கிய வரலாறு எழுதுவோரை எதிர்நோக்கும் வினாவும் அதுவே. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலில் ஹூடினிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1874இல் புடாபெஸ்ட் நகரில் எரிக் வைஸ் எனப் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற யூதக் குடும்பமொன்றின் பிள்ளை அவர். தந்தையார் சமயகுருப் பதவியை இழந்தபின் குடும்பம் வறுமையில் வாடிற்று. நியூயோர்க்கில் கழுத்துப்பட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் துணி வெட்டும் தொழிலாளியாக அவர் உழைத்தார். அத்தகைய ஒருவர் மேடையேறிப் பொலிஸாரின் விலங்குகளையே கழற்றியெறிந்தபோது, மண்டபத்தின் மலிவான இருக்கைகளில் இருந்தோர் ஆரவாரித்ததன் பொருளை நாம் ஊகித்தறிதல் அரிதன்று. தம்மை மோசடிக்காரன் என்ற ஜேர்மன் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மீது 1902இல் கொலோன் நகரில் வழக்காடி வென்றவர் அவர். விலங்கு அதிகாரத்தின் கருவி. அதனை வெல்லும் உடல் உழைப்பாளியின் உடல். அவர் கலையின் உயிர் இங்கேதான் இருந்தது. இன்று கண்ணாடிப் பேழையுள் வைக்கப்படும் விலங்கில் அந்த உயிர் இல்லை. விலை மட்டுமே எஞ்சி நிற்கிறது.

ஹூடினியும் ஒரு சேகரிப்பாளரே. எனினும் அவர் சேகரித்த முறை வேறு. 1904இல் லண்டனில் அவர் நோயுற்றிருந்த வேளை, நலிந்த தோற்றமுடைய முதியவர் ஒருவர் கையிற் பொதியுடன் விடுதி வாயிலில் நெடுநேரம் காத்திருந்தார். அவர் ஹென்றி இவானியன், பழைய வித்தைக்காரர். தம் வாழ்நாள் முழுவதும் வித்தைக்காரரின் விளம்பரத் தாள்களைத் திரட்டி வைத்திருந்தவர். 1895இல் அவற்றுள் ஆயிரக்கணக்கானவற்றைப் பிரிட்டிஷ் அரும்பொருளகம் வாங்கியிருந்தது. எஞ்சியவற்றுள் அரியவற்றை ஹூடினி வாங்கினார். அடுத்த ஆண்டு இவானியன் காலமானார். அத்தாள்களைச் சான்றாகக்கொண்டே 1908இல் 'றொபேர் ஊடினின் முகத்திரை நீக்கம்' என்ற பொருள்பட்ட தலைப்புடைய நூலை ஹூடினி வெளியிட்டார்.

அந்நூலிற் குறைகள் பல உள. எந்தப் பிரெஞ்சு வித்தைக்காரரின் பெயரைத் தழுவித் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டாரோ, அவரையே தாழ்த்த முற்படும் சினம் பக்கந்தோறும் தெரிகிறது. ஆயினும் அதன் நெறி மதிக்கத்தக்கது. ஒருவர் தமதென உரிமை கொண்டாடிய வித்தைகளை அவருக்கு முன்னரே செய்து மறைந்த சிறியோர் பலரை, கிழிந்த தாள்களினின்றும் அவர் மீட்டெடுத்தார். டிரெஸ்டனிற் கேட்பாரற்றுக் கிடந்த பொஸ்கோ என்ற இத்தாலிய வித்தைக்காரரின் கல்லறையைப் பேண வழி செய்தார். 1926இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ 4,000 நூல்கள் அவர் விருப்பப்படி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. அங்கே எந்த மாணவனும் அவற்றைக் கேட்டுப் படிக்கலாம். நீர்க்கூண்டு போய்ச் சேர்ந்த தனியார் காட்சிச்சாலை அவ்வாறு எவரும் எண்ணியவுடன் நுழையக்கூடிய இடமன்று. கூண்டைப் பாழாகாது காத்தார் என்ற நன்றி அதனை வாங்கியவருக்கு உரியதே. அந்த நன்றியால் பொதுச் சொத்துக்கும் தனிச் சொத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடாது.

இனி, சேகரிப்போர் எவரும் சேகரியாத ஒருவரைக் காண்போம். 1813 முதலாக லண்டன் மாநகரில் 'இந்திய வித்தைக்காரர்' என்ற பெயரிற் காட்சிகள் நடைபெற்றன. அவற்றில் ஒன்றைக் கண்ட ஆங்கிலக் கட்டுரையாசிரியர் வில்லியம் ஹாஸ்லிட் அதே பெயரில் எழுதிய கட்டுரை, 1821இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றுள்ளது. வெண்ணிற உடையும் இறுகிய தலைப்பாகையும் அணிந்து தரையிலமர்ந்த ஒருவர் நான்கு பித்தளை உருண்டைகளை ஒருங்கே சுழல விட்ட திறத்தை அவர் வியந்து போற்றுகிறார். அத்திறத்தின்முன் தம் எழுத்து எத்துணை குறையுடையது என நாணுகிறார். உடலுழைப்பின் மேன்மையை இத்துணை மனந்திறந்து ஒப்புக்கொண்ட எழுத்தாளர் அக்காலத்திற் சிலரே.

ஆனால் கூர்ந்து நோக்குக. அதே கட்டுரையில் கயிற்றின்மேல் ஆடும் ரிச்சர் பெயர் பெறுகிறார். கவானா என்ற பந்தாட்டக்காரரின் மறைவு குறித்த நீண்டதொரு பகுதியும் உண்டு. வீட்டுக்கு நிறம் பூசும் தொழிலாளியான அவரும் பெயர் பெறுகிறார். கட்டுரைக்குத் தலைப்பையே தந்த இந்தியர் மாத்திரம் பெயரின்றி நிற்கிறார். ஏழைத் தொழிலாளிக்குப் பெயர் கொடுக்கத் தயங்காத பேனாவும் அடிமை நாட்டுக் கலைஞனிடத்து ஓய்ந்துவிட்டது.

அவர் ராமோ சாமி என்பவராதல் கூடும் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ராமோ சாமி என ஆங்கில விளம்பரங்களிற் திரிந்த பெயர் நமக்கு நன்கு பழகிய இராமசாமிதான். வாயாலே மணி கோத்தும் வாளை விழுங்கியும் இங்கிலாந்திலும், 1819இல் அமெரிக்காவிலும் புகழீட்டிய அவர், 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வாயிலாக உதவி கோரவேண்டியிருந்தது. ஊசிகளையும் நூலையும் விழுங்கிப் பின்னர் கோத்தபடி வெளியே இழுக்கும் 'கிழக்கிந்திய ஊசி வித்தை' ஹூடினியின் பெயர் பெற்ற காட்சிகளில் ஒன்று. இராமசாமியின் மணிகோத்தலுக்கும் அதற்கும் உள்ள உறவு வெளிப்படை. இவ்வாறு வித்தை கடல் கடந்து சென்று நிலைத்தது; வித்தைக்காரனின் பெயரோ திரிந்து தேய்ந்தது.

பெயருக்குப் பதிலாக மேலைத்தேயம் நம்மிடமிருந்து சேகரித்துக்கொண்டது எது? 1890 ஓகஸ்ட் 8இல் சிக்காகோ றிபியூன் பத்திரிகை, இந்தியாவில் அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் ஏறிச் சிறுவன் மறைந்ததை நேரிற் கண்டதாக ஒரு கட்டுரையை வெளியிட்டது. நான்கு மாதங்களின்பின், அது இட்டுக்கட்டிய கதையென அப்பத்திரிகையே ஒப்புக்கொண்டது. மறுப்பு மறைந்தது, கதை உலகெங்கும் பரவிற்று. 1934இல் அவ்வித்தையைச் செய்துகாட்டுவோருக்கு லண்டன் வித்தைக்காரர் சங்கம் 500 கினி பரிசு அறிவிக்குமளவுக்கு அது வேரூன்றியிருந்தது. கீழைத்தேயத்தவன் அறிவுக்கும் பயிற்சிக்கும் உரியவனல்லன், மர்மத்துக்கே உரியவன் என்ற எண்ணம் ஏகாதிபத்தியத்துக்கு உவப்பானது. இராமசாமியின் வித்தையை ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயனென்று ஒப்பினால் அவ்வெண்ணம் நில்லாது.

இவ்வளவும் கூறி ஹாஸ்லிட் மீது பழி போட்டு ஓய்ந்துவிடுதல் எளிது. அண்மையில் என் பத்தாந்தர மாணவரிடம், வீட்டு முதியோர் சிறுவயதிற் கண்ட செப்படி வித்தைக்காரரைப் பற்றிக் கேட்டு எழுதி வருமாறு பணித்தேன். நிலாவெளி, குச்சவெளி, கோபாலபுரம் எனப் பல இடத்து வீடுகளிலிருந்து குறிப்புகள் வந்தன. மாங்கொட்டை முளைத்தது, கூடைக்குள் இருந்த பையனை வாளாற் குத்தியது, வெறுங்கையிற் குஞ்சு பிறந்தது என எல்லாம் ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் நினைவிருந்தன. வித்தைக்காரன் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. 'கூத்தாடி', 'பிச்சைக்காரன் மாதிரி ஒருவன்' என்றே எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேயனின் நிறத்திமிர் செய்ததை நம்மிடையே சாதித்திமிர் செய்திருக்கிறது. புலவருக்கு வரலாறு வகுத்த நாம், தெருவில் வித்தை காட்டியவனுக்கு அதில் ஓர் அடிக்குறிப்பும் கொடுத்தோமில்லை.

பேணாமையின் விலை நமக்குத் தெரியாததன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. லாஸ் வேகாஸ் ஏலம் முடிந்து 57 நாட்களில், 2004 டிசெம்பர் 26இல் எங்கள் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. உயிர்களோடு உறுதிகளும் நிழற்படங்களும் கூத்துக் கொப்பிகளும் போயின. அவற்றுக்கு ஏலத்தில் விலையில்லை. ஆதலின் அவை போனதாக எந்தப் பட்டியலும் சொல்லாது.

அதற்கடுத்த ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி யாவருக்கும் கிடைக்கச் செய்துவருவது நம்பிக்கை தரும் செய்தி. அச்சேறாத கலைஞரைப் பற்றிய பணி எஞ்சியுள்ளது. அதற்கு டொலர் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊரில், முதியோர் இருக்கும்போதே, கலைஞரின் பெயர், ஊர், காட்டிய வித்தை, அதனைக் கற்றுக்கொடுத்தவர் என இந்நான்கையும் எழுதி வைப்பார்களாயின், நம் காலத்து இவானியன்கள் அவர்களே. என் மாணவரை இரண்டாம் முறையும் அதே வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். இம்முறை பெயரை மட்டும் கேட்டு வருமாறு சொல்லியிருக்கிறேன்.