மணி என்ன ஜாதி?

"மாமா, நம்ம மணி இன்னா ஜாதி?" என்று அக்கா மகன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியில் நாய் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் தண்ணிக் குடத்தடியில் ஈர மண்ணைத் தோண்டி மணி படுத்திருந்தது. பையன் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவனிடம் அந்தக் கேள்வியை இன்னும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டிவி முந்திக்கொண்டது.

இந்த நிகழ்ச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தச் சேனலானாலும் ஒரே அச்சுதான். ஒரு பண்ணை வீடு, பச்சைப் புல், புல்லில் உருளும் எட்டுப் பத்து குட்டிகள், பின்னால் வீணை இசை. தொகுப்பாளர் ஒரு குட்டியைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். பண்ணை முதலாளி வருவார். "இது ஒரிஜினல் பிளட் லைன் சார், மூணு தலைமுறை பேப்பர் இருக்கு, கலப்பே கிடையாது" என்பார். அப்பன் பேர், பாட்டன் பேர், பாட்டன் எந்த ஊர் ஷோவில் கோப்பை வாங்கினான் எல்லாம் சொல்வார். இவ்வளவு நேரமும் நாயின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு திரையின் ஓரத்தில் ஒருத்தர் நிற்பார், கவனித்திருக்கிறீர்களா? லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார். குட்டிகளின் மலம் அள்ளுவதும், பால் கரைத்து ஊற்றுவதும், கடி வாங்குவதும் அவர்தான். நாயின் பாட்டன் பேர் நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவர் பேர் மட்டும் கடைசிவரை தெரிவதில்லை. கேமரா நாயை நெருங்க நெருங்க அவர் வெட்டுப்பட்டு, கடைசியில் சங்கிலியைப் பிடித்த ஒரு கை மட்டும் மிஞ்சுகிறது.

காணாமல் போகிற இன்னொருத்தி தாய் நாய். குட்டிகள் புல்லில் முளைத்தமாதிரி கிடக்கும். தாயைக் காட்டினால் தொங்கிப்போன மடியைக் காட்ட வேண்டும், கூண்டைக் காட்ட வேண்டும், இது எத்தனையாவது ஈற்று என்று கேட்க வேண்டும். 2017-இல் ஒன்றிய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இனத்துக்கு விடக் கூடாது, ஒரு தாயிடம் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் வாங்கக் கூடாது, பண்ணை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியிலும் தொகுப்பாளர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "நாற்பது நாள் குட்டி, இப்பவே புக்கிங் முடிஞ்சிடுச்சு" என்று முதலாளி பெருமையாகச் சொல்கிறார், இவர் கை தட்டுகிறார். பொறுப்பான நாய் வளர்ப்பு என்று தலைப்புப் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

இனி பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் பிழையாகக் கேட்கவில்லை. பெடிகிரி நாய்க்குத் தமிழில் நாம் வைத்திருக்கிற பேரே 'ஜாதி நாய்'தான். பெடிகிரி என்ற சொல்லின் வேரைத் தேடினால் பிரெஞ்சில் கொக்கின் கால் என்று வருகிறது. வம்சாவளிப் படத்தில் கிளை பிரியும் கோடு கொக்குக்கால்போல இருந்ததாம். அவர்களுக்குக் கொக்கு ஞாபகம் வந்தது, நமக்கு ஜாதி. ஜாதி மல்லி, ஜாதி மாடு, ஜாதி நாய்: உசத்தியானது எதுவோ அதற்கெல்லாம் ஜாதி இருக்கிறது. ஜாதி இல்லாத நாய்க்கு என்ன பேர்? வீட்டில் நாட்டு நாய், தெருவில் தெரு நாய். ஆங்கிலத்துக்குப் போனால் 'பறையா டாக்'. வெள்ளைக்காரன் நம்முடைய பேரை எடுத்து, உலகத்தில் ஒதுக்கப்பட்டவர் எல்லோருக்கும் பொதுச்சொல்லாக்கி, அதை நாய்க்கும் சூட்டினான். விலங்கு பற்றிய ஆங்கிலச் சேனல்களில் கனமான குரலில் 'இண்டியன் பறையா டாக்' என்று சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது 'இண்டி' என்று மாற்றிச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் ஏன் மாற்றினோம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. வெள்ளைக்காரன்மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்று மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

நான் இருப்பது ரமணாசிரமம் பகுதி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. நாய்க்குப் பேர்போன இடம். ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. சின்னக் கருப்பன் என்று ஒரு நாய், கமலா என்று ஒரு நாய். கமலா வந்தவர்களை மலை சுற்றிக் காட்டிக் கூட்டிவருமாம். ரமணர் நாயை 'அது' என்று சொல்லமாட்டார், அவன், அவள், பசங்க என்பார், பசங்களுக்குச் சோறு போட்டாச்சா என்று முதலில் கேட்பார் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையிலேயே பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. அதே ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆசாரம் பார்த்த பிராமணர்களுக்குத் தனிப் பகுதி இருந்ததையும் அன்பர்களின் எழுத்துகளே சொல்கின்றன. இந்த ஊருக்கு வரும் ஆன்மிக நிகழ்ச்சிக்காரர்கள் ஜாக்கியின் சமாதியைக் காட்டாமல் போவதில்லை. பந்தியைப் பற்றி இதுவரை ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்லை.

நாய்க்குட்டியை டிவி எப்படி விற்கும் என்பதற்குப் பழைய சாட்சி 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரம். சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் பக். அதற்குப் பிறகு ஊரெல்லாம் பக். சப்பை மூக்கு அழகு என்றுதான் நமக்குக் காட்டினார்கள். அந்த மூக்கு, மூச்சுவிட முடியாதபடி மனிதன் தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கைவிட்டு நசுக்கிய மூக்கு. சித்திரை வெயிலில் எங்கள் மலையின் பாறை நெருப்பாய்க் கொதிக்கும்போது, ரமணா நகர் பக்கம் மாடி வீட்டு வாசலில் ஒரு பக் கொர் கொர் என்று இழுத்துக்கொண்டு கிடக்கும். "பாவம், குறட்டை வுடுது பாரு" என்று எங்கம்மா சிரிக்கும். அது குறட்டை இல்லை, காற்றுக்குப் போராடுகிற சத்தம் என்று எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த உண்மையைச் சொன்னதும் ஒரு டிவி நிகழ்ச்சிதான், ஆனால் நம்முடையது அல்ல. 2008 ஆகஸ்டில் பிபிசி 'பெடிகிரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. கோப்பை வாங்கிய நாய்கள் வலியில் துடிப்பதைக் காட்டினார்கள். மூளைக்கு இடம் போதாத மண்டையோடு பிறக்கும் ஸ்பேனியல்களைக் காட்டினார்கள். தூய ரத்தம் என்று சொல்லி அப்பனையும் மகளையும், அண்ணனையும் தங்கையையும் சேர்த்ததால் வந்த வினை. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வருடம் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. அப்படிப் பிறக்கும் குட்டிகளை இனிப் பதிவு செய்ய மாட்டோம் என்று அங்குள்ள கென்னல் கிளப் சொல்ல வேண்டிவந்தது. தூய்மைவாதத்தை நாய் வழியாகவே கேள்வி கேட்ட படம் அது. இங்கே ஒரு சேனல் இதை எடுக்குமா? எடுத்தால் அடுத்த அரைமணி நேரத் திருமணத் தகவல் மைய விளம்பரத்தை எப்படிப் போடுவது? (சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அக்கா மகளைக் கட்டும் வழக்கம் நம் சனங்களிடமும் இருக்கிறது தோழர்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

அம்பேத்கர் 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பில் ஒரு வாதம் வருகிறது. சாதி என்பது நல்ல வித்தைக் காக்கும் ஏற்பாடு என்று அன்று சில படித்தவர்கள் பேசினார்கள். அவர் கேட்டது இதுதான்: ஆரோக்கியமான இருவரைத் தேர்ந்து சேர்ப்பதல்லவா வித்து வளர்ப்பு? சாதி யாரைத் தேர்ந்து சேர்க்கிறது? வெளியே போகாதே என்று தடுப்பதைத் தவிர அது செய்யும் வேலை என்ன? டிவி பண்ணை முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் ஞாபகம் வருகிறது. பொறுப்பான நாய் வளர்ப்பாளர் இடுப்பெலும்பைப் பரிசோதிப்பார், நோய் உள்ள நாயை ஒதுக்குவார், வெளி ரத்தம் வேண்டும் என்று தேடிப் போவார். அவருக்கு விஞ்ஞானம் வேண்டும். "கலப்பே கிடையாது" என்று மார்தட்டுகிறவனுக்கு வேலி மட்டும் போதும்.

அந்த வேலி நாய்வரைக்கும் நீண்டிருக்கிறது என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடையைத் தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி ஆண் நாய் ஊர்த்தெருப் பெட்டையிடம் போய்விடும் என்ற பயம். சைக்கிளில் போகாதே, செருப்புப் போடாதே என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நாயின் தினவுக்கும் ஊர்க் கட்டுப்பாடா! இதைவிடக் கறாரான 'பிரீடிங் பாலிசி' எந்தக் கென்னல் கிளப்பிடம் இருக்கிறது?

ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லி, நாட்டு இனம் வளர்க்கச் சொன்னார். அதன் பிறகு சேனல்களில் நாட்டு நாய் அலை. கேட்கக் கேட்க ஒரே ராஜா கதை. பாளையக்காரர் வளர்த்தது, ஜமீன் வாசலைக் காத்தது, கன்னி என்றால் மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது. நாய் நாட்டு நாய்தான், ஆனால் வரலாறு அரண்மனை வரலாறு. கரம்பையிலும் கரிசலிலும் இந்த நாய்களோடு முயல் பின்னால் ஓடியவன் யார்? அந்தக் கதையை ஒரு டிவியும் கேட்கவில்லை. அதைச் சொல்ல 2018-இல் மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் வர வேண்டியிருந்தது. கருப்பிக்கு அங்கே பேப்பர் கிடையாது, விலை கிடையாது. அவள் பரியனின் கூட்டாளி. அவளைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். நாயைக் கொன்றது பரியனுக்கு விட்ட செய்தி. படம் பார்த்த என் நண்பர் ஒருவர், நல்ல படிப்பாளி, "நாய் சீன்ல அழுதுட்டேன்" என்றார். நாய் சீனில் மட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளியின்போது வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடி வாகனத்தில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது.

நான்கு வருடம் கழித்து 2022-இல் கன்னடத்திலிருந்து 777 சார்லி, தமிழிலும் வந்தது. கள்ளப் பண்ணைக்காரனிடமிருந்து தப்பி வரும் லாப்ரடார். நெருங்கிய ரத்தத்தில் சேர்க்கைவிட்டதால் அவளுக்குப் புற்றுநோய். நம் பக்கத்துப் படங்களில் நாய்ப் பண்ணையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படம் இது, அந்த அளவில் நான் வணங்குகிறேன். ஆனால் குற்றம் முழுவதும் ஒரு கெட்டவன் தலையில் போய்விட்டது. அவன் குட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் தியேட்டரில் அழுதுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றும் உறுத்துகிறது. சார்லி பனி பார்க்க இமயம்வரை போகிறாள். ஒரு தெரு நாய்க்கு அந்தப் பயணத்தைக் கதையாக எழுதியிருப்பார்களா?

தெரு நாய்க்கு டிவி கொடுத்திருக்கும் இடம் வேறு. டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-இல் உத்தரவிட்டது. 22-இல் அதைத் திருத்தி, கருத்தடை, தடுப்பூசி செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் விதிவிலக்கு. அந்த நாட்களில் விவாத மேடைகளில் ஒருபக்கம் நாய் நேசர்கள், ஒருபக்கம் குடியிருப்போர் சங்கத்தார். இருவரும் கார் வைத்திருப்பவர்கள். விடிகாலையில் குப்பை அள்ளப் போகும்போது கடி வாங்குகிற பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. நகராட்சி ஒப்பந்தத்தில் சுருக்குக் கயிறோடு நாய் பிடிக்கிறவரையும் கூப்பிடவில்லை. கடிபடுவதும் நாம், பிடிப்பதும் நாம், இரக்கமற்றவர்கள் என்ற பேர் வாங்குவதும் நாம்.

நம் தெருவையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். போன மார்கழியில் எங்கள் காலனியில் ஒரு நாய் ஏழு குட்டி போட்டது. கடுவன் நான்கும் இரண்டே நாளில் ஆளுக்கொன்றாய்ப் போய்விட்டன. பொட்டைக் குட்டி மூன்றையும் யாரோ சாக்கில் கட்டி ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்தார்கள். யாரோ என்ன யாரோ, எனக்குத் தெரியும். அவர் வீட்டுப் பிள்ளைதான் இப்போது தவணைக்கு ராட்வைலர் வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஜாதி நாய் வேண்டுமாம்.

பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "நாய்க்கு ஜாதி இல்லடா" என்றேன். "டிவில சொன்னாங்களே" என்றான். அந்த வாரமே மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஒரு தனியார் நாய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டை எழுதும் தம்பி, இனம் என்ற கட்டத்தில் யோசிக்காமல் ஆங்கிலத்தில் 'பறையா' என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன். "அது சயின்ஸ் பேர் சார்" என்றார். என் பேர் தம்பி அது, அடி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்தார். மேலே 'நான்-டிஸ்கிரிப்ட்' என்று எழுதினார். கால்நடைத் துறையில் எந்த இனத்திலும் சேராத பிராணிக்கு அந்தப் பேர்தானாம். பையன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்புடின்னா இன்னா மாமா?" என்றான். விவரிக்க முடியாதது என்று அர்த்தம் என்றேன். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லைப் பிரம்மத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பையன் மணியின் தலையைப் பிடித்துக்கொண்டான், நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.