பட்டியலுக்கு வெளியே ஒரு குழந்தை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குழந்தை மருத்துவருக்குப் பஞ்சமில்லை. சாரதா கல்லூரிச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மருத்துவமனைப் பலகை கண்ணில் படும். இங்கே பிறக்கிற பிள்ளைக்கு எந்த மாதம் எந்த ஊசி என்று அச்சடித்த அட்டை, பெயர் வைப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. அப்படியிருந்தும், போலியோ சொட்டு மருந்து முகாம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்தப் பகுதியிலும் மேசை போடுகிறார்கள். மேசைமேல் ஐஸ் பேக் வைத்த தடுப்பூசிப் பெட்டி, பின்னால் பேனர், பேனரில் ரோட்டரியின் பற்சக்கரம். பிரமுகர் ஒருவர் முதல் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விடுகிறார். படம் எடுக்கப்படுகிறது. இடக்கைச் சுண்டுவிரலில் மை வைக்கப்படுகிறது. அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே வேளாவேளைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்கும் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

பிறகு எதற்கு அந்த மேசை? தொண்டுச் சங்கங்கள் இந்த வேலையில் உண்மையில் எங்கே தேவைப்பட்டன, எங்கே அலங்காரமாக நின்றன என்பதை இலங்கையையும் இந்தியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

சங்கங்களின் வயது இரண்டு கரையிலும் ஒன்றுதான். சென்னையிலும் கொழும்பிலும் ரோட்டரி சங்கம் தொடங்கியது ஒரே ஆண்டு, 1929. போலியோவுக்குள் ரோட்டரி வந்தது அரை நூற்றாண்டு கழித்து. 1979-இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கும் திட்டமாகத் தொடங்கி, 1985-இல் போலியோபிளஸ் என்று உலகம் முழுவதற்குமாக விரிந்தது. 12 கோடி டாலர் திரட்டலாம் என்று கிளம்பியவர்களுக்கு மூன்றே ஆண்டில் அதைப்போல் இரண்டு மடங்கு சேர்ந்தது. 1988-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆகியவற்றோடு ரோட்டரியும் சேர்ந்து ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையில் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருந்தது. அதற்கான காரணம் 1926-க்குப் போகிறது. அந்த ஆண்டு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. ஒரு பகுதி, அதற்கு ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தர் என்ற ஏற்பாடு அங்கிருந்து தீவு முழுவதும் பரவியது. ஊரில் மிட்வைப் என்றே அழைக்கப்படுகிற அந்த உத்தியோகத்தரின் கையில் தன் பகுதியில் எந்தெந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்ற பதிவு இருக்கும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பட்டியலில் ஏறிவிடுகிறது. 1962-இல் போலியோ பெருந்தொற்று வந்ததும் சொட்டு மருந்து வந்தது. 1978-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993-இல். அதாவது தேசியத் தடுப்பு மருந்து நாட்கள் அங்கே 1995-இல் தொடங்குவதற்கு முன்பே நோய் போய்விட்டது. மேசை போட்டு ஆள் கூட்டுகிற வேலை ரோட்டரி சங்கங்களுக்கு அங்கே பெரிதாக இல்லை. மிட்வைப் கூப்பிட்டால் தாய்மார் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள்.

இல்லாதது பாதைதான். போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த பிள்ளைகளை விட்டுவிட்டு நாடு முழுவதற்கும் மருந்து கொடுத்தோம் என்று சொன்னால் அது கணக்கும் ஆகாது, காப்பும் ஆகாது. போலியோ கிருமி சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டிவிட்டு வருவதில்லை. எல் சல்வடோரில் 1985-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே தடுப்பூசிக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்த முன்மாதிரி ஒன்று இருந்தது. அதே வழியில், தடுப்பு மருந்து நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்திவைக்க யுனிசெஃப் பேச்சு நடத்தியது. அதனோடு சேர்ந்து நின்றவர் இலங்கையின் போலியோபிளஸ் குழுத் தலைவர் கே. ஆர். ரவீந்திரன். கொழும்பில் அச்சுத் தொழில் நடத்தியவர். அரசு, யுனிசெஃப், ரோட்டரி மூன்றும் அடங்கிய பணிக்குழு அவர் தலைமையில் இயங்கியது. பின்னாளில், 2015-16-இல், சர்வதேச ரோட்டரியின் தலைவரான முதல் இலங்கையர் அவர்.

இந்தச் சண்டை நிறுத்தங்களை நான் மிகைப்படுத்தவில்லை. அவை ஓரிரு நாள் விவகாரம். மறுநாள் ஷெல் விழுந்தது. ஆனால் அந்த ஓரிரு நாளைக்குள் செய்ய வேண்டியிருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். 1990-க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெயில் பட்டால் கெட்டுப்போகிற மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனிப் போராட்டம். அதைச் சேர்த்த பிறகு சொட்டு விட்டது யார்? அங்கேயும் மிட்வைப்தான். அரசின் சுகாதார ஊழியர் போரின் இரு பக்கத்திலும் வேலையில் இருந்தார். சங்கம் செய்தது, அந்த ஊழியரின் கைக்குப் பெட்டி போய்ச் சேர வழி திறந்துவிட உதவியது.

இந்தியாவில் கதை தலைகீழ். இங்கே பாதை இருந்தது, பட்டியல் இல்லை.

இந்தியக் கதையின் முதல் அத்தியாயம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது என்பதைச் சேலத்து ரோட்டரிக்காரர்களே மேடையில் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்கிருமியியலாளர் டி. ஜேக்கப் ஜான், மேலைநாடுகளில் மூன்று தவணையில் வேலை செய்கிற சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் அப்படி வேலை செய்யவில்லை என்று கண்டார். தவணையைக் கூட்ட வேண்டும். அதையும் ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தங்க இடமில்லாமல் போகும் என்றார். 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் ரோட்டரி சங்கத்தின் துணையோடு இதைச் செய்து காட்டினார்கள். முடிவு 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. டெல்லி 1994-இல் செய்ததும், நாடு 1995 டிசம்பரில் தொடங்கியதும் இதே முறையின் பெரிய வடிவம்தான்.

அந்தப் பெரிய வடிவத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரு சுற்றுக்கு 17 கோடி குழந்தைகள், 23 லட்சம் பணியாளர்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பல ஊர்களில் ஒரு தெருவில் எத்தனை குழந்தைகள் என்று அரசிடம் கணக்கே இல்லை. வீடு வீடாகப் போய்க் கதவில் சாக்குக்கட்டியால் குறி போட்டார்கள். மருந்து கொடுத்த வீட்டுக்கு ஓர் எழுத்து, விடுபட்ட வீட்டுக்கு இன்னோர் எழுத்து. உள்ளூர் ரோட்டரிக்காரர் அங்கே அரசின் கால்களாகவே ஆனார். மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி பரவிய இடங்களில் முஸ்லிம் மார்க்க அறிஞர்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்கள் வாயால் சொல்லவைத்ததும் ரோட்டரி செய்த வேலை. அத்தனைக்கும் பிறகு 2009-இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. உலகக் கணக்கில் ஏறக்குறைய பாதி. 2010-இல் இருவகைக் கிருமிக்கான புதிய சொட்டு மருந்து வந்தது. எண்ணிக்கை 42 ஆயிற்று. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமி. அதோடு சரி.

2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாதது என்று சான்றிதழ் வழங்கப்பட்டது. அப்போது வட்டாரத்தில் 11 நாடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். 1993-இலேயே வேலையை முடித்த இலங்கை, பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் முடிகிற வரை இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்த காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. சென்னை விமானத்தில் கிருமி ஏறி வந்துவிடலாம் என்பதால் காவலைத் தளர்த்தாமல் இருக்க வேண்டும். இதை இலங்கைக்காரர்கள் குத்திக்காட்டி நான் கேட்டதில்லை. குத்திக்காட்டியிருந்தால் நாம் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாடு இதில் எந்தப் பக்கம்? தேசப்படத்தில் இந்தியா, சுகாதாரத்தில் பெரும்பாலும் இலங்கை. 2004-க்குப் பிறகு இங்கே போலியோ இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிகிறார், அந்தப் பதிவுக்கான பிக்மி எண் கொடுக்கிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். ஆகவே மாநிலம் முழுவதும் 43,051 மையங்கள் போட்டு, ஏறத்தாழ 57 லட்சம் குழந்தைகளுக்கு ஒரே நாளில் மருந்து கொடுக்கிறோம் என்று 2024-இல் அறிக்கை வந்தபோது, அதில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே செவிலியரின் ஏட்டில் இருந்த குழந்தைகள். ஃபேர்லேண்ட்ஸ் மேசை அவர்களுக்கானது. கெடுதல் ஒன்றுமில்லை. கூடுதல் தவணை ஊரின் காப்பைக் கூட்டும். ஆனால் அந்த மேசைக்குச் சங்கம் தேவையா என்றால், தேவையில்லை.

ஏட்டில் இல்லாத குழந்தைகள் சேலம், நாமக்கல் சமவெளியில் வேறு இடங்களில் இருக்கிறார்கள். நாமக்கல்லின் கோழிப் பண்ணைக் கொட்டகைகளுக்கு ஓரத்தில், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வளாகங்களில், செங்கல் சூளைகளில், மேம்பாலம் கட்டுகிற இடங்களில். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள். பிள்ளை பிறந்தது ஓர் ஊரில், முதல் தவணை இன்னோர் ஊரில், அட்டை ரயிலில் தொலைந்தது. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் சுங்கச் சாவடியிலும் அரசு மையம் வைப்பது இவர்களை எண்ணித்தான். ஆனால் முகாம் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பயணத்தில் இருப்பதில்லை, கொட்டகையில் இருப்பார்கள். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அதே சேலம் மாவட்டத்தில் குருக்குப்பட்டி, பவளத்தானூர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழ்க் குழந்தை விடுபடுவது அரிது. முகாம் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கிறது. நாட்டின் குடிமகனான பீகார்க் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோட்டரி ஆண்டுக்கு 5 கோடி டாலர் திரட்டுவது என்றும், ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்ப்பது என்றும் ஏற்பாடு. சேலம், நாமக்கல் பகுதிச் சங்கங்கள் 2982 என்ற மாவட்ட எண்ணில் கொடுப்பதும், இலங்கை, மாலத்தீவுச் சங்கங்கள் 3220 என்ற எண்ணில் கொடுப்பதும் ஒரே பையில் விழுந்து பெஷாவருக்கும் காந்தஹாருக்கும் போகிறது. 2024-இல் பாகிஸ்தானில் 74 பேர், ஆப்கானிஸ்தானில் 25 பேர் இயற்கைக் கிருமியால் முடங்கினார்கள். அதே ஆண்டு காசாவில் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு குழந்தைக்குப் போலியோ வந்து, மருந்து கொடுப்பதற்காகச் சண்டையை மணிக்கணக்கில் நிறுத்தவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் செய்து பார்த்த காரியம் பழைய செய்தியாகிவிடவில்லை.

இலங்கைச் சங்கத்துக்கு இருந்த பலம் கையில் சொட்டுக் குப்பி பிடிக்கிற பலம் இல்லை. அமைச்சகத்திலும், தூதரகத்திலும், துறைமுகத்திலும் யாரைக் கூப்பிட்டால் கதவு திறக்கும் என்று தெரிந்த ஆட்கள் உறுப்பினராக இருந்தார்கள். சேலம், நாமக்கல் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பண்ணை வைத்திருப்பவர், ஜவ்வரிசி ஆலைக்காரர், லாரி உரிமையாளர், போர்வெல் ரிக் வண்டிக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர். சுகாதாரச் செவிலியருக்கு எட்டாத அந்தக் கொட்டகைகளின் வாசல் சாவி இவர்களிடமே இருக்கிறது. எத்தனை குடும்பம் தங்கியிருக்கிறது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை என்று மேலாளரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். முகாமுக்கு முந்தைய வாரக் கூட்டத்தில் பேனரின் அளவைப் பேசுவதற்குப் பதிலாக, அந்த எண்ணிக்கையை உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்து, தொகுத்த தாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நடமாடும் குழுவின் ஜீப் எந்தப் பண்ணைக்குள் திரும்ப வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும்.