காதலும் கையொப்பமும்: 'அன்பே சிவம்' பற்றிய ஒரு நோக்கு

இலட்சியவாதிக்கும் நடைமுறைவாதிக்கும் இடையே ஒரு பெண்ணை நிறுத்திக் கதையை நகர்த்துதல் திரைக்குப் புதிதன்று. கமல்ஹாசன் எழுத, சுந்தர் சி. நெறிப்படுத்தி 2003இல் வெளிவந்த 'அன்பே சிவம்' இவ்வமைப்பையே கைக்கொள்ளினும், அதன் இறுதிப்பகுதி தனித்து ஆராயத்தக்கது.

நல்லசிவம் பொதுவுடைமையாளன், தொழிற்சங்கவாதி. அன்பரசு விளம்பரத்துறையினன், உலகமயச் சந்தையின் பிள்ளை. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியைச் சுட்டி அன்பரசு எள்ளும்போது, தாஜ்மகால் இடிந்தாற் காதலும் அழிந்துவிடுமோ என்னும் பொருள்பட நல்லசிவம் விடையிறுக்கின்றான். காதலும் கொள்கையும் இங்கு ஒரே தன்மையனவாகின்றன; கட்டடம் சரிந்தாலும் சரியாத உணர்வுகள் அவை. படத்தின் கூர்மையான இடம் இதுவே எனலாம்.

ஆயின் முடிவில் இவற்றுள் ஒன்று மற்றையதற்கு விலையாகின்றது. தான் காதலித்த பாலாவே அன்பரசுவின் மணமகள் என்பதை நல்லசிவம் அறிகின்றான். அவன் இறந்துவிட்டதாக மகளை நம்பவைத்தவர் முதலாளி கந்தசாமி. மணம் தடையின்றி நிகழவேண்டுமாயின் தொழிலாளரின் சம்பள உயர்வுக்கு ஒப்பமிட வேண்டும், அதுவே பேரம். முதலாளி ஒப்பமிடுகின்றார். இலட்சியவாதி என நாம் கருதியவனே கதையின் தேர்ந்த நடைமுறைவாதியாகிவிடுகின்றான்.

இதனைத் தியாகம் எனப் போற்றுதல் எளிது. ஆயின் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இப்படத்தை நோக்குவோர்க்குத் தியாகத்துக்கு முன் அக்கையொப்பமே கண்ணிற்படும். முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கொழும்பிலே கூட்டொப்பந்தம் செய்ய, கொழுந்து பறித்தோர் அதன் முடிவைச் செய்தியாகவே கேட்டறிந்த காலம் நெடிது. 1000 ரூபாய் நாட்சம்பளம் கோரிப் போராட்டங்கள் நிகழ்ந்த பின்னரும், 2019இல் ஒப்பமான அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயே. அந்த 1000 ரூபாயும் 2021இற் சம்பளச் சபையின் வழியாகவே வந்தது. இயன்றதைப் பெறுவதே விவேகம் என்ற வாதம் மலையகத்துக்குப் பழகிய வாதம்.

பேரத்தை நாம் பழிக்கவில்லை. பேரம் பேசாத தொழிற்சங்கம் வெறும் பெயர்ப்பலகை. பேரத்தின்போது அங்கே இல்லாதோர் யாவர் என்பதே எமது வினா. தன் வாழ்வு ஒரு பத்திரத்துக்கு ஈடாயிற்று என்பதைப் பாலா அறியாள். தமக்காக என்ன கொடுக்கப்பட்டது என்பதைத் தொழிலாளரும் அறியார். கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினர் பெண்கள். ஒப்பமிடும் மேசையருகே அவர்களைக் காண்பது அரிது. பாலாவின் அறியாமையைப் படம் கண்ணீருக்கு உரியதாக்குகின்றதேயன்றி, கேள்விக்கு உரியதாக்கவில்லை.

இத்தனைக்கும் படத்தின் முற்பகுதியில் வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. நல்லசிவமும் தோழர்களும் வீதி நாடகம் நடிக்கின்றனர். முதலாளியின் கோலம் பூண்டு அவரை நகையாடுகின்றனர். சம்பளக் கோரிக்கை அங்கே தெருவில், பலர் பார்க்க, அவர்களது சிரிப்போடு எழுகின்றது. முடிவில் அதே கோரிக்கை இரண்டு ஆண்களுக்கிடையே தீர்க்கப்படுகையில் அத்தெருக் கூட்டத்தைத் திரையிற் காணோம்.