அறுந்தால் தேர்ச்சி

1950 செப்டம்பர் 26 அதிகாலை, இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் 80 பேர் இறந்தார்கள். கூரை இடியவில்லை, வாயு வெடிக்கவில்லை. ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து அடுத்ததற்கு நிலக்கரி மாறும் இடத்தில், கிழிந்துபோன பெல்ட்டின் துண்டு சரிவுப் பெட்டியில் சிக்கி அடைத்துக்கொண்டது. மேலே பெல்ட் நிற்காமல் ஓடி அதன்மேல் உரசிக்கொண்டே இருந்தது. ரப்பர் சூடேறிப் பற்றியது. புகை காற்றோட்டத்தோடு சேர்ந்து ஆட்கள் வேலை செய்த பகுதிக்குள் புகுந்தது. உயிர்களைப் பறித்தது கார்பன் மோனாக்சைடு.

கன்வேயர் பெல்ட்டின் வடிவமைப்பில் நடந்த முன்னேற்றங்களை எடை போடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ தொடங்குகிறார்கள். மேற்கு சஹாராவில் பூக்ரா பாஸ்பேட் சுரங்கத்திலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குப் போகும் கன்வேயர் தொடரைச் சொல்வார்கள். மேகாலயாவின் சுண்ணாம்புக்கல்லை எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கொண்டுபோகும் 17 கிலோமீட்டர் பெல்ட்டைச் சொல்வார்கள். உள்ளே எஃகுக் கம்பி வடங்கள் ஓடும் ஸ்டீல் கார்டு பெல்ட்டில் இன்று ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 10,000 நியூட்டன் வலிமை வரை வந்துவிட்டது. அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள பெல்ட்டை அறுக்க ஏறத்தாழ 1,000 டன் எடையைத் தொங்கவிட வேண்டும். பிரமிக்க வேண்டிய பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் பெல்ட் ஒழுங்காக ஓடும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் இவை எல்லாம் சொல்கின்றன. ஒழுங்கு தவறி எதன்மேலாவது உரசத் தொடங்கினால் என்ன செய்யும் என்ற கேள்விக்கு விற்பனைக் கையேட்டில் அரைப் பக்கம்கூட இருக்காது. என் கணக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கிரெஸ்வெல்லில் எரிந்தது பழைய பாணி பெல்ட். பருத்தித் துணியை அடுக்கடுக்காக வைத்து, ரப்பரால் ஒட்டி, மேலும் கீழும் ரப்பர் பூசியது. விபத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்த இடத்துக்கு வந்த பெல்ட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் அடுக்கே கிடையாது. பல பாவு இழைகளை ஒன்றோடொன்று பின்னி, முழுத் தடிமனையும் தறியிலேயே ஒரே துணியாக நெய்துவிடுகிறார்கள். பிறகு அதைத் திரவ பிவிசியில் முக்கி, இழைகளுக்கு நடுவே இறங்கவிட்டு, சூடேற்றி இறுக்குகிறார்கள். அடுக்கு இல்லாததால் அடுக்கு பிரிவதும் இல்லை. ஓரத்தில் தேய்ந்தாலும் நீளவாக்கில் உரிந்து வராது. கிளிப் போட்டு இணைத்தால் நெசவு அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். துண்டு கிழிந்து சிக்கியதுதான் கிரெஸ்வெல்லின் தொடக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால், தீயை விட்டுவிட்டாலும் இந்த நெசவே ஒரு பதில்தான்.

தீ விஷயத்தில் பதில் பிவிசி: அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடேறும்போது குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்து வந்து சுடரை அமுக்குகிறது. பிவிசியை வளையவைக்கச் சேர்க்கும் சாதாரண எண்ணெய்கள் எரியக்கூடியவை என்பதால், அவற்றுக்குப் பதில் பாஸ்பேட் வகையைச் சேர்க்கிறார்கள்.

பொருளை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு வைத்த சோதனை. பிரிட்டிஷ் தரம் வகுத்த உருளை உராய்வுச் சோதனையில், பெல்ட்டின் ஒரு துண்டை எஃகு உருளையின் பாதிச் சுற்றில் போட்டு, ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை எடை கொண்டு இழுக்கிறார்கள். பெல்ட் நகராது, உருளை மட்டும் சுழலும். சுரங்கத்தில் பெல்ட் சிக்கி நின்றுபோய், மோட்டார் மட்டும் டிரம்மைச் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலைமைதான் இது. நேரம் போகப் போக எடையைக் கூட்டுவார்கள். காற்றில்லாமல் ஒரு முறை, காற்று வீசவைத்து ஒரு முறை. சுடர் வரக்கூடாது, கங்கு தெரியக்கூடாது, உருளையின் மேற்பரப்பு 325 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. நல்ல பிவிசி பெல்ட் இதில் எப்படித் தேறுகிறது? இளகி, கருகி, மெலிந்து, கடைசியில் அறுந்து விழுகிறது. அறுந்ததும் உராய்வு இல்லை, வெப்பம் இல்லை. அறுந்த பெல்ட்டுக்குத் தேர்ச்சி கொடுக்கிற சோதனை இது! வலிமையே குணம் என்று பழகிய பொறியாளருக்கு இதை ஏற்பது சுலபமாக இருந்திருக்காது.

குறைகள் உண்டு. தீயில் சிக்கினால் பிவிசி அமிலப் புகையைக் கக்கும். ஈரமான ஏற்றத்தில் வழுக்கும். அதற்காக மேலே நைட்ரைல் ரப்பர் பூசிய வகை வந்தது. வலிமையில் ஸ்டீல் கார்டை எட்டாது, எனவே மிக நீண்ட தூரத்துக்கு உதவாது. எல்லாவற்றையும் விடக் கனமான ஆட்சேபம், ஏற்றத்தில் சரக்கோடு அறுந்த பெல்ட் பின்னோக்கிப் பாயும் என்பது. அது ஆளைக் கொல்லும். ஆகவே அறுவதை நல்ல குணம் என்று சொல்கிறவர், அறுந்ததைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக்கும் சேர்த்துச் செலவு செய்தாக வேண்டும். இத்தனையும் கழித்த பிறகும், ஆட்கள் சுவாசிக்கும் காற்று வரும் பாதையில் ஓடும் பெல்ட்டுக்கு, எரிவதை விட அறுவதே மேல் என்ற கணக்கு மாறவில்லை.

அமெரிக்காவின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே 1950களின் நடுவில் வந்த சோதனைக்கு 15 சென்டிமீட்டர் நீளமும் ஒன்றே கால் சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறு துண்டு போதும். அதை ஒரு நிமிடம் பன்சன் சுடரில் காட்டி எடுத்து, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்ப்பார்கள். பெருந்தீயில் ஒரு முழு பெல்ட் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஒன்றரை மீட்டர் நீளத் துண்டைக் காற்றோடும் கூண்டில் வைத்து எரிக்கும் கடுமையான சோதனையை அரசு 1992இல் முன்மொழிந்தது. 2002இல் திரும்பப் பெற்றது. 2006 ஜனவரி 19 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அரகோமா அல்மா சுரங்கத்தில், நேர்கோட்டிலிருந்து விலகி ஓடிய பெல்ட் உரசித் தீப்பிடித்தது. தீயணைப்புக் குழாயில் தண்ணீர் இல்லை. புகையைத் தடுக்க வேண்டிய சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருவர் இறந்தனர். கிடப்பில் போட்ட சோதனை 2008 டிசம்பரில் விதியானது, பழைய பெல்ட்டுகளை மாற்ற 2018 இறுதி வரை அவகாசம் தந்தார்கள். அப்போதும் உருளை உராய்வுச் சோதனை அந்த விதிக்குள் வரவில்லை. அரகோமாவில் தீ தொடங்கியதே உராய்வில். தீ பரவுவதை அளக்கும் சோதனையைச் சேர்த்து, தீ தொடங்குவதை அளப்பதை விட்டுவிட்ட அந்த விதியைப் பாதி விதி என்றுதான் சொல்வேன்.

ஆனால் அரகோமாவுக்குப் பெல்ட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தண்ணீரும் தடுப்புச் சுவரும் இருந்திருந்தால் அதே பெல்ட்டோடு இருவரும் வீடு திரும்பியிருக்கலாம். நல்ல பெல்ட் இருப்பதாலேயே மற்றதில் அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. உதிர்ந்த நிலக்கரித் தூள் சுற்றாத ரோலரைச் சுற்றிக் குவிந்துகிடந்தால், பெல்ட் எரியாவிட்டாலும் தூள் எரியும்.

இந்தியாவில் நிலத்தடிச் சுரங்கத்துக்கான ஐஎஸ் 3181 தரத்தில் உருளைச் சோதனை இருக்கிறது. அந்தப் பெல்ட்டை நெய்யும் ஆலை மதுரைப் பக்கமே உண்டு. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2,400 மில்லிமீட்டர் அகலம் வரை ஸ்டீல் கார்டு பெல்ட்டுகள் ஓடுகின்றன. அங்கே வானமே கூரை, புகைக்குப் போக இடம் இருக்கிறது. வலிமைக்கு முன்னுரிமை தருவதில் தவறில்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில். அனல்மின் நிலையங்களில் நிலக்கரியை மேலேற்றும் மூடிய சாய்வுக் கூடத்தைப் பாருங்கள். தரைக்கு மேலே இருப்பதால் அதைச் சுரங்கத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. ஆனால் உள்ளே தூள் படிந்திருக்கும், வெல்டிங் பொறி விழும், தீப்பிடித்தால் சாய்வே புகைபோக்கியாகிவிடும், வெளியேறும் வழிகளோ குறைவு. ஆபத்தில் அது சுரங்கத்துக்கு நெருங்கிய உறவு.

என் தீர்ப்பு இது: பெல்ட் வடிவமைப்பில் கடந்த முக்கால் நூற்றாண்டின் பெரிய முன்னேற்றம் எஃகு வடமும் இல்லை, நூறு கிலோமீட்டர் நீளமும் இல்லை, 1950க்குப் பின் வந்த ஒற்றை நெசவும், அதற்கு வைத்த உருளைச் சோதனையும்தான். மூடிய கூடத்துக்குப் பெல்ட் வாங்க டெண்டர் எழுதுகிறவர்கள் தரைக்கு மேலே, கீழே என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உருளை உராய்வுச் சோதனைச் சான்றிதழை அங்கேயும் கட்டாயமாக்க வேண்டும். விலை கூடும். கூடட்டும்.