இல்லத்தரசி கட்டிய பேய் வீடு

பிரசவத்துக்காக மருத்துவமனைக்கு வந்திருக்கும் பெண்ணிடம் படிவம் நிரப்புபவர் தொழில் என்னவென்று கேட்கிறார். எழுத்தாளர் என்கிறாள் அவள். இல்லத்தரசி என்று எழுதிக்கொள்வதாக அவர் சொல்கிறார். அவள் திரும்பவும் எழுத்தாளர் என்கிறாள். படிவத்தில் எது ஏற வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துவிடுகிறார். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1953இல் வெளியிட்ட ‘லைஃப் அமங் தி சாவேஜஸ்’ என்ற குடும்பக் குறிப்புகளில் வரும் காட்சி இது. நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படிவத்தின் தீர்ப்பு அவர் இறந்த பிறகும் நெடுங்காலம் அவரை விடவில்லை.

1916இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த ஜாக்சன், 1940இல் இலக்கிய விமர்சகர் ஸ்டான்லி எட்கர் ஹைமனை மணந்தார். ஹைமன் பேராசிரியராகப் பணியாற்றிய கல்லூரியை ஒட்டி, வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பென்னிங்டன் ஊரில் குடும்பம் அமைந்தது. நான்கு குழந்தைகள், ஓயாத விருந்தாளிகள். வீட்டு வேலைகளுக்கு நடுவே ஆறு நாவல்களும் ஏராளமான சிறுகதைகளும் எழுதினார். கணவரைவிட அவர் அதிகம் சம்பாதித்த ஆண்டுகள் உண்டு. கணவருக்கு வேறு பெண்களோடு இருந்த உறவுகளையும் அவர் அறிந்தே வாழ்ந்தார் என்பதை ரூத் ஃபிராங்க்ளின் 2016இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து இரண்டு வகை எழுத்துகள் பிறந்தன. ஒன்று, குழந்தைகளின் குறும்பையும் வீட்டுக் களேபரத்தையும் பற்றிப் பெண்கள் பத்திரிகைகளில் வந்த வேடிக்கைக் கட்டுரைகள். மற்றொன்று, படித்தவர் தூக்கத்தைக் கெடுத்த திகில் கதைகள். விமர்சகர்கள் இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் எழுதியதுபோல் நடத்தினார்கள். முன்னதைக் காசுக்கு எழுதியது என்று ஒதுக்கினார்கள், பின்னதைப் பேய்க்கதை என்று ஒதுக்கினார்கள்.

ஆண் விமர்சகர்கள் செய்ததில் வியப்பில்லை. பெண்ணியமும் இதில் பங்கெடுத்தது என்பதுதான் நாம் பேச வேண்டியது. 1963இல் வெளிவந்த ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ நூலில் பெட்டி ஃபிரீடன், எழுத்தாளராக வாழ்ந்துகொண்டே வெறும் இல்லத்தரசிபோல எழுதுகிறவர்கள் என்று சிலரைக் கடிந்துகொள்கிறார். ஜாக்சனின் பெயரும் அதில் இருக்கிறது. வீட்டில் மூச்சுமுட்டும் பெண்களின் வேதனையை இவர்கள் சிரித்து மழுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வேடிக்கைக் கட்டுரைகளில் கணவரின் துரோகம் வராது. களைப்பு வந்தாலும் சிரிப்போடுதான் வரும். ஆனால் வீட்டைப் பற்றிய உண்மையைச் சொல் என்று ஃபிரீடன் கேட்டபோது, ஜாக்சன் அதைச் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பேய்க்கதையாகச் சொன்னதால் கணக்கில் வரவில்லை.

அந்தக் கதை 1959இல் வந்த ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’. கோதிக் நாவல் மரபில் பெண்களுக்குப் பெரிய இடம் உண்டு. 1794இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘தி மிஸ்டரிஸ் ஆஃப் உடால்ஃபோ’வில் ஓர் இளம்பெண்ணைப் பேராசைக்காரன் ஒருவன் கோட்டையில் அடைத்துவைக்கிறான். அவள் தப்பி வெளியேறுகிறாள். ஜாக்சன் இந்த அமைப்பைத் தலைகீழாக்கினார். அவருடைய நாயகி எலினாரை யாரும் அடைத்துவைக்கவில்லை. வெளியே அனுப்பும்போதுதான் அவள் போக மறுக்கிறாள்.

ஏன் மறுக்கிறாள்? எலினாருக்கு 32 வயது. படுக்கையில் கிடந்த தாய்க்குப் பதினொரு ஆண்டுகள் பணிவிடை செய்தவள். தாய் இறந்தபின் அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டில்தான் அவளுக்கு மிச்சம். பாதிப் பணம் அவளும் போட்டு வாங்கிய காரை எடுத்துச்செல்லக்கூட அக்கா அனுமதிப்பதில்லை. பேய் வீட்டை ஆராயக் கூடியிருக்கும் புதியவர்களிடம் அவள் தனக்கென ஒரு வீடு இருப்பதாகப் பொய் சொல்கிறாள். வழியில் கண்ட பொருள்களை எல்லாம் அந்தக் கற்பனை வீட்டில் கொண்டுவந்து வைக்கிறாள். நாவலில் மிகத் துயரமான பகுதி எனக்கு இதுதான். பேய் வருவதற்கு முன்பே அவள் வீடற்றவள்.

பிறகு இரவில் கதவுகள் தட்டப்படுகின்றன. அரைத்தூக்கத்தில் எலினார், தாய் அழைப்பதாக எண்ணி, வந்துவிட்டேன் என்கிறாள். மருந்து வேண்டும்போது சுவரைத் தட்டி அழைப்பது தாயின் வழக்கம். தாய் இறந்த இரவில் அந்த ஓசை கேட்டும் எழாமல் இருந்துவிட்டோமோ என்ற குற்றவுணர்வு அவளை அரிக்கிறது. ஜாக்சன் பேயை வேறெங்கிருந்தும் கொண்டுவரவில்லை. எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைத் திறந்துவைத்தே தூங்கும் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். அந்த வீட்டின் சுவரில் எலினாரின் பெயரெழுதி, வீட்டுக்கு வரச்சொல்லும் எழுத்துகள் தோன்றுகின்றன. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வீடு அவளை வேண்டும் என்கிறது. அந்த அழைப்புக்கு இணங்கியே அவள் சாகிறாள்.

தமிழில் இல்லாள் என்றால் இல்லத்துக்குரியவள். இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன். இல்லாள் என்ற சொல்லிலும் அந்த இன்மை ஒளிந்திருப்பதைக் கேட்கலாம். எலினார் இரண்டு பொருளிலும் இல்லாள்.

பெண்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டி ஜாக்சன் நமக்கு ஆறுதல் தருவதில்லை. 1948 ஜூனில் ‘தி நியூயார்க்கர்’ இதழில் வெளியாகி, கோபமும் குழப்பமுமாக நூற்றுக்கணக்கான கடிதங்களை வரவழைத்த ‘தி லாட்டரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கல்லால் அடித்துக் கொல்லும் கிராமம் அது. குடும்பத்துக்காகச் சீட்டெடுப்பது ஆண்கள். கணவனுக்குக் கால் முறிந்ததால் வந்திருக்கும் மனைவியிடம், வளர்ந்த மகன் இல்லையா என்று விசாரிக்கிறார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் தாமதமாக வரும் டெஸ்ஸி, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி சிரித்துப் பேசுகிறாள். சீட்டு தன் குடும்பத்துக்கு விழுந்ததும் முறையில்லை என்று கத்துகிறாள். அடுத்து அவள் செய்வதுதான் கொடுமை. மணமாகிப் போன மகளையும் குலுக்கலில் சேர்க்கச் சொல்கிறாள். மகள்கள் கணவன் வீட்டுக் கணக்கு என்று விதி பதில் சொல்கிறது. தன்னைக் கொல்லப்போகும் ஏற்பாட்டுக்குள் மகளை இழுக்கும் தாய்; அந்த மகளைக் காப்பாற்றுவதோ, அவளைக் கணவனின் உடைமையாகக் கணக்கிடும் அதே ஏற்பாடு. ஆணாதிக்கம் பெண்களின் கைவழியாகவும் இயங்குவதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் குறைவு.

1962இல் வந்த ‘வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்’ நாவலிலும் கல் பறக்கிறது. சர்க்கரையில் கலந்த ஆர்சனிக்கால் குடும்பத்தில் நால்வர் இறந்தபின் ஊரால் ஒதுக்கப்பட்ட இரண்டு சகோதரிகள். அக்கா கான்ஸ்டன்ஸ் சமைப்பாள், தங்கை மெரிகேட் காவல் இருப்பாள். பணத்தின் மீது கண்வைத்து உறவுக்காரன் ஒருவன் வருகிறான். வீடு தீப்பற்றுகிறது. தீயை அணைத்து முடித்த தீயணைப்புத் தலைவரே முதல் கல்லை எறிகிறார். கடைசியில் எரிந்த வீட்டில் அடுக்களை மிஞ்சுகிறது. சகோதரிகள் கதவை அடைத்துக்கொண்டு அங்கேயே வாழ்கிறார்கள். ஊரார் குற்றவுணர்வோடு சமைத்த உணவை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இது விடுதலையா, சிறையா? ஆண்கள் நுழையாத அடுக்களை என்று கொண்டாடத் தோன்றும்போதே, வெளியே போக ஆசைப்பட்ட அக்காவை உள்ளே பூட்டியது தங்கையின் அன்புதான் என்பதும் உறுத்துகிறது.

இன்று அவர் பெயரில் விருது இருக்கிறது. ஹில் ஹவுஸ் திரைப்படமாகவும் தொடராகவும் வந்துவிட்டது. அமானுஷ்ய நாவல்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று அது என்று ஸ்டீபன் கிங் எழுதினார். இந்தப் பாராட்டுகளிலும் அந்த இரண்டு அலமாரிகள் தொடர்கின்றன, அடுக்களையை நீக்கிவிட்டுத் திகிலைக் கொண்டாடுகிறார்கள். மாணவிகள் குடும்பக் குறிப்புகளையும் ஹில் ஹவுஸையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். பகலில் குழந்தைகள் ஓயாமல் கூப்பிடும் வீடும், இரவில் கதவு தட்டப்படும் வீடும் ஒன்றே என்பது அப்போது புரியும்.

கடைசி நாவல் வெளியானபின் ஜாக்சன் பல மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத அச்சநோயில் கிடந்தார். சிகிச்சை பெற்று மெல்ல மீண்டு, மறுபடி எழுதிக்கொண்டிருந்த நாளில், 1965 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்தார். அவருக்கு வயது 48. முடிக்காமல் விட்ட நாவல் ‘கம் அலாங் வித் மீ’ 1968இல் அச்சானது. கணவனை இழந்த நடுவயதுப் பெண் ஒருத்தி வீட்டை விற்றுவிட்டு, முன்பின் தெரியாத நகரத்தில் இறங்கி, தனக்குத் தானே புதுப்பெயர் வைத்துக்கொள்வதாக அது தொடங்குகிறது.