தோளில் துண்டு, குழலில் தோடி

கானாடுகாத்தான் நமக்கு அயலூரன்று. அறந்தாங்கிக்கு மேற்கே உள்ள செட்டிநாட்டு ஊர்தான். சுயமரியாதை இயக்கத்தின் இளமைப் பருவத்தில், அங்கு நடந்த திருமண ஊர்வலமொன்றில் மதுரை சிவக்கொழுந்து நாதசுரம் வாசித்து வந்தார். வியர்வை துடைக்கத் தோளிலே ஒரு துண்டு. துண்டை எடு என்றது சாதிச் செருக்கு. எடுக்காதே என்று அரணாக நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. குழலோசைக்குச் செவி கொடுத்தவர்கள், குழலேந்திய தோளுக்கு ஒரு முழத் துணியை மறுத்தார்கள்!

இதை மறந்துவிட்டுத் திருவாவடுதுறை இராசரத்தினத்தின் (1898–1956) இசையை எடை போடுவோர், பாதியைத்தான் கேட்கிறார்கள் என்போம்.

அவர் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். பாடகன் இழுக்கும் நீண்ட இழைகளைக் குழலிலே நூற்க விழைந்தார். அந்நாளைய திமிரி நாதசுரமோ குட்டை. கீச்சென்ற உச்சக் குரல். அவர் நெடிய பாரி நாதசுரத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, அதில் சுத்த மத்திமம் பிசகாது ஒலிக்குமாறு துளையிட்டுத் தந்தார். தோடிக்கு வேண்டியது அந்த மத்திமமே. ஆகவே தோழர்களே, அந்தத் தோடி வானத்திலிருந்து விழுந்த வரமன்று. மரமும் உளியும் கணக்கும் மூச்சும் கூடி ஈன்ற வெற்றி!

இசைத்தட்டில் அதைக் கேளுங்கள். ஓட்டமில்லை; ஆரவாரமில்லை. ஒரு சுரத்தில் நிலைகொள்கிறார். அதனைச் சுற்றி வளைகிறார். பிறகு, இனி மூச்சு ஏது என்று நாம் எண்ணும் வேளையில் மேலேறுகிறார். கீர்த்தனையில் அவர் அதே உயரத்தைத் தொட்டாரில்லை என்பது நம் கருத்து. ஆலாபனையிலோ, அவருக்கு நிகர் அவரே.

ஸ்பெயின் நாட்டு அல்பெனிஸ் (1860–1909), தெருவிலும் திண்ணையிலும் ஒலித்த கிட்டாரின் மீட்டலைப் பியானோவுக்குள் புகுத்தினார். ஏழையின் இசை மண்டபம் ஏறிற்று. ஆனால் பியானோவின் உடையணிந்து ஏறிற்று. இராசரத்தினமோ தெருவில் நின்ற குழலையே மேடையில் அமர்த்தினார். கிராப்புத் தலை, மேலே சட்டை, மற்றவர்க்குச் சமமான இருக்கை! இவற்றை ஆணவம் என்றனர் சிலர். குனிந்தவன் நிமிர்ந்தால், குனிய வைத்தவனுக்கு அது ஆணவமாகத்தானே தெரியும்?

1947-ல் டில்லி விடுதலை விழாவில் முழங்கியது அவர் குழல். பெருமைதான். ஆயினும் நாம் கேட்பது ஒன்று: ஒருவர் தம் மேதையால் வென்ற மதிப்பு, மேதையல்லாதவர்க்கும் உரியதன்றோ? நம்மூர்த் திருமணங்களில் விடியலிலிருந்து ஊதிக் களைத்தவர்க்கு நாற்காலியும், முதற்பந்தியில் இலையும் இட்டோமா? இட்ட பிறகு, அவரது தோடியைப் புகழ்வோம்.